விரிப்பின் மறுமுனை

ஜூன் 3

அன்புள்ள துணைவிக்கு,

இங்கு நலம். உன் நலமும் பாப்பாவின் கால் நலமும் அறிய ஆவல்.

அதுதான் போனில் பேசினோமே, பிறகு எதற்குக் கடிதம் என்பாய். போனில் என் வலது காதுக்கு உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கிறது. இடது காதுக்கு அதுவும் இல்லை. "ஆங், சரி, வெச்சிரட்டுமா" என்பதைத் தவிர அப்பாவுக்கு வேறு வசனமே கிடையாது என்று பாப்பா கேலி செய்கிறாள். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆயுசு முழுக்கக் கரும்பலகையில் எழுதிப் பிழைத்தவன் காகிதத்தில் எழுத மாட்டேனா?

வீடு நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. நீ சொன்னபடி குக்கரை அடுப்பில் வைத்து விசிலை எண்ணிக்கொண்டு நின்றேன். மூன்றாவது விசிலில் தபால்காரர் கதவைத் தட்டினார். திரும்பி வந்தபோது வந்தது நாலாவதா ஐந்தாவதா என்று புரியவில்லை. சோறு கஞ்சியாகிவிட்டது. இதை ஓர் உதாரணத்துக்குச் சொல்கிறேன், எல்லா நாளும் அப்படியில்லை.

மாடிப்படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டவள் மகள். அவளைப் பார்த்துக்கொள்ளப் போனவள் நீ. இங்கே நொண்டியடித்துக்கொண்டிருப்பவன் நான். சிரிப்பதற்காகத்தான் எழுதினேன்.

மூன்று மாதம் என்று சொல்லிப் போனாய். எப்போது வருகிறாய் என்று ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் கணவன்

ஜூன் 21

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பாப்பாவும் நலம். இரத்த அழுத்த மாத்திரையைத் தீருவதற்குள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீர்ந்த பிறகு அட்டையைக் குலுக்கிப் பார்க்கிற பழக்கம் வேண்டாம்.

பாப்பாவின் காலில் இன்னும் மாவுக்கட்டு இருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்தபடியே என்னை அதிகாரம் செய்கிறாள். உங்கள் மகளாயிற்றே.

வீட்டில் வாஷிங் மெஷின் கிடையாது. இந்தக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சலவைக் கடை. காசு போட்டால் ஓடுகிற மெஷின்கள் சுவரோரம் வரிசையாக நிற்கும். முதல் நாளே ஒன்று என் காசை வாங்கிக்கொண்டு ஓடாமல் நின்றது. "கட்டையில போற மிஷினே, காச முழுங்கிட்டுக் கல்லு மாதிரி நிக்கிறியே" என்று திட்டினேன். கடைக்காரர் வந்து அதன் விலாவில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார், ஓடியது. பிறகு நான் திட்டியதை மறுபடி சொல்லும்படி சைகை காட்டி, அப்படியே சொல்லிப் பழகினார். அவர் கற்ற முதல் தமிழ் அதுதான். பதிலுக்கு எனக்கு ஸ்பானிஷ் சொல்லித்தருகிறார். இந்த ஊரே அந்த மொழியில்தான் பேசுகிறது. சோப்பு, சட்டை, வெந்நீர் என்று துணிமணியில் தொடங்கியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். நமக்குத் 'தெரியும்' என்பது ஒரே சொல். இவர்கள் இரண்டு வைத்திருக்கிறார்கள்: சபேர், கொனோசேர். எதை எங்கே போடுவது? பாப்பாவைக் கேட்டால் "பழகப் பழக வரும்மா" என்கிறாள். கடைக்காரர் கையையும் காலையும் ஆட்டிப் பார்த்தார், எனக்கு ஏறவில்லை. நீங்களாக இருந்தால் ஓர் உதாரணம் சொல்லியிருப்பீர்கள் என்று தோன்றியது.

உங்கள்,
நான்

ஜூலை 8

அன்புள்ள துணைவிக்கு,

நலம். மாத்திரை இருக்கிறது.

பழைய புத்தகக் கடையில் தேடி ஒரு ஸ்பானிய அகராதியும், அட்டை கிழிந்த இலக்கண நூல் ஒன்றும் வாங்கி வந்தேன். இனிக் கவனி.

பள்ளிக்கூட மணி எப்போது அடிக்கும் என்று எனக்குத் தெரியும். இது செய்தி தெரிவது, ஆகவே சபேர். மணி அடிக்கிற காவலாளியை எனக்குத் தெரியும். இது பழகித் தெரிவது, ஆகவே கொனோசேர். இன்னொன்று பார். எனக்கு நீந்தத் தெரியும் என்றால் சபேர். இந்த ஆற்றை எனக்குத் தெரியும், எங்கே சுழல் எங்கே மணல் என்று தெரியும் என்றால் கொனோசேர். உனக்குப் பிடித்த மாதிரி மூன்றாவதாக ஒன்று: நான் காபியில் எத்தனை கரண்டி சர்க்கரை போடுகிறேன் என்பது டாக்டருக்கு சபேர். ஆனால் அவருக்கு என்னைக் கொனோசேர் கிடையாது. அதனால்தான், நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் கையைக் காலை ஆட்டாமலே சொல்லிக்கொடுக்கலாம் என்று உன் வாத்தியாரிடம் சொல்.

அது கிடக்கட்டும். அந்த மனிதரைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? சபேரைத்தான் கேட்கிறேன். என்ன வயது, குடும்பம் எங்கே இருக்கிறது? பொது அறிவுக்காகக் கேட்டேன், வேறொன்றும் இல்லை.

எப்போது வருகிறாய்?

உன் கணவன்

ஆகஸ்ட் 2

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் நலம். பாப்பாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. கோல் ஊன்றி நடக்கிறாள்.

உங்கள் உதாரணங்களைக் கடையில் சொன்னேன். சர்க்கரை உதாரணத்துக்குக் கடைக்காரர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இப்படித்தான் சிரித்திருப்பார்கள் போலிருக்கிறது. எனக்கு அது புதிதாக இருந்தது. வீடு வந்து சேரும்போது உங்களிடம் உதாரணமெல்லாம் தீர்ந்து, கட்டிப்போன தொண்டைதான் மிச்சமிருக்கும்.

கேட்டீர்களே, அவருக்கு உங்கள் வயதுதான். மனைவி தவறிப்போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. விடுதிகளிலிருந்து படுக்கை விறிப்புகள் மூட்டை மூட்டையாக அவருக்கு வரும். அந்த அகலத்துக்கு ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஒரு பக்கத்தைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்கவில்லை. இப்போது விறிப்பின் மறுமுனையை நான் பிடிக்கிறேன். அவருக்கு இரண்டு மூலை, எனக்கு இரண்டு மூலை. உதறி, விறைப்பாக இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து மூலைகளைச் சேர்த்து, மறுபடி பின்னால் போக வேண்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு சொல் கற்றுக்கொள்கிறேன். உலர்த்தும் மெஷினிலிருந்து எடுத்த துணியின் சூடு கைக்கு இதமாக இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அடுத்த கடிதத்தை எழுத்துப் பெரிதாக, சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதுங்கள். உதாரணங்கள் நிறைய வேண்டும்.

உங்கள்,
நான்

ஆகஸ்ட் 19

அன்புள்ள துணைவிக்கு,

நலம். நீ கேட்டபடி பெரிதாக எழுதியிருக்கிறேன். கண் மங்குகிறது என்று நேராகச் சொன்னால் என்ன? அங்கேயே கண்ணைக் காட்டிக் கண்ணாடியை மாற்றிக்கொள்.

இலக்கண நூலில் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். உன் வாத்தியார் அங்கே வந்து சேருவதற்குள் நீ தயாராக இருக்க வேண்டும். செர், எஸ்தார் என்று இரண்டு. ஒருவர் இயல்பிலேயே எப்படிப்பட்டவர் என்பதற்குச் செர். இப்போதைக்கு எப்படி இருக்கிறார் என்பதற்கு எஸ்தார். உதாரணமாக, எங்கள் கணக்கு வாத்தியார் கோபக்காரர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தூங்கும்போதும் கோபக்காரர்தான். அது செர். நான் கோபமாக இருக்கிறேன், அதற்குக் காரணம் உண்டு. இது எஸ்தார்.

விரிப்பு விஷயத்தை யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விரிப்பாவது மடித்திருக்கிறோமா? அலமாரியைத் திறந்தால் மடித்தே இருக்கும். நேற்று பெரிய விரிப்பைக் கொடியிலிருந்து எடுத்து நானே மடித்தேன். அது மடிந்தது என்றும் சொல்லலாம், சுருண்டது என்றும் சொல்லலாம்.

ஒரு விரிப்புக்கு எத்தனை தடவை எதிரெதிரே நடந்து வர வேண்டியிருக்கும்? நாளைக்கு எத்தனை விரிப்பு? சம்பளம் தருகிறாரா? தரவில்லை என்றால் இது என்ன ஏற்பாடு? பாப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா? துணியின் சூடு கைக்கு இதமாக இருப்பதைப் பற்றியெல்லாம் எனக்கு எழுத வேண்டிய அவசியம் என்ன?

எப்போது வருகிறாய்?

உன் கணவன்

பின்குறிப்பு: போன கடிதத்தில் 'விரிப்பு' என்பதை இரண்டு இடத்திலும் 'விறிப்பு' என்று எழுதியிருக்கிறாய். சிவப்பு மையில் வட்டமிட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

செப்டம்பர் 10

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

வட்டங்கள் வந்து சேர்ந்தன. திருத்திக்கொண்டேன். என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பெரிதாகவே எழுதுங்கள்.

கோபம் எஸ்தார் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு சந்தேகம் கேட்கிறேன். எத்தனை நாள் தொடர்ந்து எஸ்தாராக இருந்தால் அது செர் ஆகும்?

பாப்பா கோலை ஓரம் கட்டிவிட்டாள். மாடி ஏறி இறங்குகிறாள். வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டாள். பகலில் வீட்டில் எனக்கு வேலையே இல்லை.

கடைக்காரர் தமிழ் எழுத்து படிக்கிறார். 'ழ' வந்தால் மட்டும் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். அவர் என்னை 'மயெஸ்த்ரா' என்று கூப்பிடுகிறார். வாத்தியாரம்மா என்று அர்த்தமாம். முதல் தடவை கூப்பிட்டபோது, பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷமும் நான் தலைமையாசிரியர் வீட்டம்மா. என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

டிக்கெட்டைத் தள்ளிப் போடலாமே என்கிறாள் பாப்பா. பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வர எனக்கும் மனசில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
நான்

செப்டம்பர் 28

துணைவிக்கு,

நலம். முழங்கால் அப்படியே இருக்கிறது.

டிக்கெட் உன் விருப்பம். மாணவரைப் பாதியில் கைவிடக் கூடாது என்பது ஆசிரியத் தொழிலின் அரிச்சுவடி. இங்கே ஒரு குறையும் இல்லை. குக்கர் பழகிவிட்டது. இலக்கண நூலை அலமாரியில் வைத்துவிட்டேன். உனக்குத்தான் பக்கத்திலேயே நல்ல வாத்தியார் இருக்கிறாரே.

எப்போது வருகிறாய் என்பது முடிவானால் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர் (ஓய்வு)

நவம்பர் 4

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பதாகப் போனில் கேள்விப்பட்டேன்.

அக்டோபரில் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. டிக்கெட்டை ஜனவரிக்கு மாற்றவா, மார்ச்சுக்கு மாற்றவா என்று போனில் கேட்டேன். "ஆங், சரி" என்றீர்கள். எதற்குச் சரி? காதில் விழவில்லையா, விழுந்தும் அதுதான் பதிலா? மார்ச்சுக்கு மாற்றியாயிற்று.

நேற்று கடைக்காரர், "கடிதம் வரலியா?" என்று தமிழிலேயே கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் என் முகத்தைவிட வாடிப்போனது. அவருக்கென்ன வாட்டம் என்று நீங்கள் கேட்கப்போவதில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் கம்பளிச் சட்டை இரும்புப் பெட்டியில், மேலிருந்து இரண்டாவதாக இருக்கிறது. கடிதம் எழுதாவிட்டாலும் மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

நான்

நவம்பர் 20

மதிப்பிற்குரிய ஐயா,

இங்கு நலம். உங்கள் நலமும் முழங்கால் நலமும் அறிய ஆவல். மெஷின்களும் நலம்.

நான் கீழ்த்தளத்துச் சலவைக் கடைக்காரன். இந்தக் கடிதம் மயெஸ்த்ராவுக்குத் தெரியாது (சபேர்). பாப்பா எனக்கு அகராதியாக இருந்து உதவினார். நான் இரண்டு வாரம் எழுதினேன். பிழை இருந்தால் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புங்கள். நான் கடையில் ஒட்டி வைப்பேன்.

ஐயா, என்னிடம் தமிழ்ப் புத்தகம் இல்லை. உங்கள் கடிதங்கள் என் புத்தகம். மயெஸ்த்ரா அவற்றை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். உங்கள் எழுத்து அச்சு போல் இருக்கும், ஆனால் சிறியது. பெரிதாகக் கேட்டது என் கண்ணுக்காக. சர்க்கரை உதாரணத்தை நான் பார்க்காமல் சொல்வேன்.

சில பத்திகள் வந்தால் மயெஸ்த்ரா கையால் மூடுவார். "இது பாடம் இல்ல" என்பார். ஒரு நாள் மெஷின் மணி அடித்தது, அவர் எழுந்து போனார். காகிதத்தின் மேல் கை இல்லை. நான் விரிப்புப் பத்தியை வாசித்தேன். எனக்கு வேகமாக வாசிக்க வராது. அதனால் மெதுவாகப் புரிந்தது. மெதுவாகப் புரிந்தால் அதிகம் வலிக்கிறது.

நமக்கு வந்த நோய்க்குத் தமிழில் பொறாமை என்ற ஒரே பெயர் என்று பாப்பா சொன்னார். எங்களுக்கு இரண்டு பெயர். என் கையில் இருப்பதை இன்னொருவன் கொண்டுபோய்விடுவானோ என்று பயந்தால் செலோஸ். இன்னொருவன் கையில் இருப்பது எனக்கும் வேண்டும் என்று ஏங்கினால் என்வீதியா. உதாரணமாக, உங்களுக்கு வந்தது செலோஸ். அது தேவையில்லை ஐயா. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மயெஸ்த்ரா உங்களைப் பற்றித்தான் பேசுவார். எனக்கு வந்தது என்வீதியா. என் மனைவிக்கு நான் கடிதம் எழுதியதில்லை, எப்போதும் பக்கத்தில் இருந்தார். இப்போது எழுத முகவரி இல்லை. ஆகவே அடுத்தவர் கடிதத்தில் எழுத்துக் கூட்டுகிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். 'கேள்' என்ற சொல். எங்களுக்கு இதிலும் இரண்டு உண்டு. பதில் தெரிவதற்காகக் கேட்டால் ப்ரெகுந்தார். ஒன்று வேண்டும் என்று கேட்டால் பெதீர். கடை எப்போது திறக்கும் என்பது ப்ரெகுந்தார். கொஞ்சம் சோப்பு கொடுங்கள் என்பது பெதீர். உங்கள் கடிதம் எல்லாவற்றிலும் 'எப்போது வருகிறாய்' இருக்கிறது. அது ப்ரெகுந்தார். பெதீர் எங்கே என்று தேடினேன். நான் புது மாணவன், எங்கோ வரி தவறிவிட்டேன் என்று நினைத்து மயெஸ்த்ராவிடமே கேட்டேன். அவர் எல்லாக் கடிதத்தையும் எடுத்து முதலிலிருந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நீங்க சரியாத்தான் வாசிச்சிருக்கீங்க" என்றார். அன்று நாங்கள் விரிப்பு மடிக்கவில்லை. மறுநாள்தான் டிக்கெட்டை மாற்றினார்.

கடிதம் வராததால் என் பாடம் நின்றுவிட்டது. தயவுசெய்து எழுதுங்கள். இது பெதீர்.

தங்கள் பணிவுள்ள மாணவன்,
சலவைக் கடைக்காரன்

டிசம்பர் 6

அன்புள்ள மயெஸ்த்ராவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் கை வருகிறது. மாத்திரை போடுகிறேன். கம்பளிச் சட்டை நீ சொன்ன இடத்தில் இருந்தது. மற்றபடி நலம் இல்லை.

உன் மாணவர் எழுதிய கடிதம் வந்தது. நீ அறியாமல் எழுதியிருக்கிறார், கோபித்துக்கொள்ளாதே. சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தேன். கடைசி வரி வரைக்கும் வந்தேன், ஒரு வட்டமும் போட முடியவில்லை. மூடி வைத்துவிட்டேன். அவர் கடையில் ஒட்டிவைக்க வேறு ஏதாவது அனுப்புகிறேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். என் உதாரணத்தை அங்கே வைத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் சிரித்திருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் கேட்டிருக்க வேண்டியது. நோயின் பெயர் செலோஸ் என்று தெரிந்துகொண்டேன், அது சபேர். நோயையே இந்த ஐந்து மாதமாகத் தெரியும், அது கொனோசேர். பெயர் தெரிந்ததால் வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை. உன்னை ஒருவர் வாத்தியாரம்மா என்று கூப்பிட்டதை நினைத்தால் இரண்டாவது நோயும் சேர்ந்துகொள்கிறது. அந்தச் சொல்லால் உன்னை முதலில் கூப்பிட்டவன் நானாக இருந்திருக்கலாம்.

நேற்று பெரிய விரிப்பை எடுத்து, அவர் செய்ததைப் போலவே கதவுக் கொக்கியில் மாட்டி மடித்துப் பார்த்தேன். கொக்கி நன்றாகத்தான் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் விடுவதில்லை. ஆனால் மூலைகளைச் சேர்க்க எதிரே நடந்து வர மாட்டேன் என்கிறது.

எப்போது வருகிறாய் என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. நீ வேண்டும். வா.

அங்கேதான் இருக்கப் பிடித்திருக்கிறது என்றால் அதையும் எழுது, படித்துக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்காததால் நீ வரவில்லை என்று ஆக வேண்டாம். இப்போது கேட்டுவிட்டேன். பாடம் பாதியில் நிற்கும் என்று கவலைப்படாதே. நீ வந்த பிறகு மாதம் ஒரு கடிதம் கடைக்காரருக்குப் பெரிய எழுத்தில் போய்ச் சேரும். உதாரணங்களை நான் எழுதுகிறேன். அவருக்கு எது புரியும், எது புரியாது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவள் நீ.

உன் கணவன் (செர்)

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தில் எந்தப் பத்தியையும் கையால் மூட வேண்டாம். கடைக்காரரே உரக்க வாசிக்கட்டும். 'வா' என்ற இடத்தில் அவருக்கு நாக்குத் தடுக்காது, ஓர் எழுத்துதான். எழுதுவதற்கு எனக்குத்தான் இவ்வளவு நாள் பிடித்தது.